நூலம்மாவுக்கு என்றும் ஜனவரி ஒன்று

பீப்.

ஒரே ஒரு முறை. பிறகு அமைதி.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நூலம்மாவின் கை அப்படியே நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் அவளுடைய அறையிலிருந்து வந்தது. அவளுடைய கம்ப்யூட்டரை யாரோ ஆன் செய்திருக்கிறார்கள். அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு எவரும் அந்தப் பொத்தானைத் தொட்டதில்லை. தொட அவள் விட்டதும் இல்லை.

ஈரக் கையை உதறிக்கொண்டே ஓடினாள்.

அறையில் ஒரு பக்கம் அவளுடைய கட்டில், மறுபக்கம் கம்ப்யூட்டர் மேஜை. நடுவில் ஒருவர் திரும்ப இடமிருக்காது. சுவரோரம் நூல் சுற்றிய கோன்கள் அடுக்கப்பட்டிருந்தன. அவளுடைய நாற்காலியில், அவள் முதுகுக்கென்று அவளே தைத்துப் போட்ட திண்டில் சாய்ந்துகொண்டு, முன்பின் தெரியாத ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு தம்பி மனைவி. கட்டிலில், தலையணைக்கு மேலே, ஒரு புதுக் கம்ப்யூட்டரின் அட்டைப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"யாரு இது? யாரைக் கேட்டு இதை ஆன் பண்ணினீங்க?"

"ஏன் அண்ணி இப்படிப் பதறுறீங்க? கம்ப்யூட்டர்காரர். உங்க தம்பிதான் வரச் சொன்னார். இதுல இருக்கிற டிசைன் சாஃப்ட்வேரைப் புதுசுல மாத்தித் தரப் போறார்."

நூலம்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "எனக்காகவா புதுசு வாங்கினீங்க?"

தம்பி மனைவி சிரித்தாள். "உங்களுக்கு எதுக்கு அண்ணி? இது முன்னறைக்கு. இனிமே டிசைன் நான் போடுறேன். உங்க தங்கச்சி போன் பண்ணினா. அவ மாமனார் படுத்த படுக்கையாயிட்டாராம். தூக்கி உட்கார வைக்க, துடைச்சு விட ஆள் கிடைக்கலையாம். நீங்க வருவீங்கன்னு சொல்லிட்டோம்."

எப்படிச் சொன்னாள் பாருங்கள். மழை வரும்போல இருக்கிறது, துணியை எடுத்து வையுங்கள் என்று சொல்வதுபோல.

நூலம்மாவை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எந்த நேரம் பார்த்தாலும் அவள் உடம்பில் எங்காவது ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் வந்த பெயர். அவளுக்கு வேறு பெயர் இருந்தது அவளுக்கே மறந்திருக்கும். வயதுக்கு வந்ததிலிருந்து எம்பிராய்டரி தொழிற்சாலையில் தப்புத் தையலைப் பிரிக்கும் வேலை. பிரித்துப் பிரித்தே தையல் எப்படி ஓடுகிறது என்று படித்துக்கொண்டவள். தம்பியை ஆளாக்கினாள். அவன் சொந்தமாக எம்பிராய்டரி மெஷின் வாங்கி, வீட்டின் பின்பக்கத்தில் பட்டறை போட்டபோது, கம்ப்யூட்டரில் டிசைன் போட அவளே கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடச் சட்டைப் பை முத்திரை, டாக்டர் கோட்டில் பெயர், ஓட்டல் துண்டில் பூ, எல்லாம் அவள் திரையில் போட்டுக் கொடுத்தால்தான் பின்பக்கத்தில் ஊசி இறங்கும். கல்யாணப் பேச்சு வந்த இடங்களையெல்லாம் தம்பி ஏதோ ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்பினான். பாசத்தில் செய்கிறான் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பிலேயே தலை நரைத்தது.

அவள் ஒன்றும் உத்தமி இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். தம்பிக்குக் கல்யாணமாகி அந்தப் பெண் வந்த புதிதில், பெண்ணைப் பார்க்க அவளுடைய அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் நூலம்மா ஒரு மூட்டை துண்டைக் கொண்டு வந்து கொட்டினாள். "உங்க பொண்ணு மெஷினைத் தப்பா ஓட்டினதால வந்த வினை. ஒண்ணு விடாம பிரிச்சுட்டுத்தான் சாப்பாடு" என்றாள். பெற்றவர்கள் சாப்பிட்டார்கள். பெண் கதவோரம் தரையில் உட்கார்ந்து தையல் பிரித்தாள். விடைபெறும்போது அவளுடைய அப்பா மகளின் முகத்தைப் பார்க்காமலேயே போனார். அன்று அந்தப் பெண் அழவில்லை. அழாத பெண்ணைக் கண்டு பயப்பட வேண்டும் என்று நூலம்மாவுக்கு அப்போது தெரியவில்லை.

அதற்குப் பிறகும் எத்தனையோ மூட்டைகள். எல்லாம் அதே கதவோரத்தில். பிரித்துக்கொண்டே அவள் நிமிர்ந்து நிமிர்ந்து திரையைப் பார்ப்பாள். நூலம்மாவின் கை எந்தப் பொத்தானுக்குப் போகிறது, எங்கே அழுத்துகிறது என்று பார்த்துப் பார்த்தே முழு வேலையையும் கற்றுக்கொண்டாள். நூலம்மா திரையைப் பார்த்தாளே தவிர, பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

"சார், இதோட சிடி இருந்தா குடுங்க. போட்டு விட்டா டீ குடிக்கிற நேரத்துல முடிஞ்சிடும்" என்றார் கம்ப்யூட்டர்காரர். கலகலப்பான மனிதர். வாய் பேசிக்கொண்டே இருக்கும், கை ஓடிக்கொண்டே இருக்கும்.

வாசலில் வந்து நின்ற தம்பி தலையைச் சொறிந்தான். "சிடியா? அது... பால்கனியில புறா தொல்லை தாங்கலைன்னு இவ கயித்துல கட்டித் தொங்க விட்டா."

பால்கனியில் அது இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வந்து காட்டினான். வெயிலும் மழையும் தின்று, கண்ணாடிபோல் ஆகியிருந்தது. அதன் வழியாக அந்தப் பக்கம் நிற்பவரின் முகம் தெரிந்தது.

"புறாவாவது பயந்துச்சா?" என்றார் கம்ப்யூட்டர்காரர். "சரி, கம்பெனிக்காரனைக் கேட்கலாமா?"

"கம்பெனியே இல்லை. மூடிட்டுப் போயி வருஷக்கணக்காச்சு."

"அப்போ பெயர்த்துத்தான் எடுக்கணும். இது செடியைப் பிடுங்கி வேற தொட்டியில நடுற வேலை சார். தண்டு கண்ணுக்குத் தெரியும். வேரு எங்கெங்க ஓடியிருக்குன்னு தோண்டினாத்தான் தெரியும். நட்டாலும் பிழைக்கும்னு சொல்ல முடியாது."

பிழைக்கக் கூடாது என்று நூலம்மா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் கையில் இருந்த ஒரே பிடி அது. அந்த சாஃப்ட்வேர் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும்வரை, அந்தக் கம்ப்யூட்டர் அந்த அறையில் இருக்கும்வரை, அறையும் கட்டிலும் அவளுடையவை. வேறு இடத்தில் ஓடிவிட்டால் அவள் போய், யாரோ ஒரு கிழவரின் படுக்கையைத் துடைக்க வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர்காரர் சாஃப்ட்வேர் இருந்த ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் எடுத்து, மேஜையில் பக்கத்திலேயே வைத்திருந்த புதுக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தார். திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. ஏதோ ஒரு ஃபைல் இல்லை என்றது.

நூலம்மா மூச்சு விட்டாள்.

அவர் பழைய கம்ப்யூட்டரில் தேடி, விண்டோஸின் வயிற்றுக்குள் எங்கோ ஒளிந்திருந்த அந்த ஃபைலைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து வைத்தார். மறுபடி திறந்தார். இன்னொரு ஃபைல் இல்லை என்றது. அதையும் கொண்டுவந்தார். இன்னொன்று.

"விடுங்க, பாவம், நீங்களும் எவ்வளவுதான் கஷ்டப்படுவீங்க" என்றாள் நூலம்மா, தேனாக.

"கஷ்டமா? இதுதாம்மா எனக்குப் பொழுதுபோக்கே. வீட்டுல பொண்டாட்டி கேட்டா பாத்திரம்கூட இறக்கித் தர மாட்டேன்" என்று அவர் சிரித்தார். "ரெஜிஸ்ட்ரியிலதான் ஆணிவேர் இருக்கு. இந்த சாஃப்ட்வேர் யாருது, எங்க இருக்கு, எப்ப போட்டது எல்லாம் விண்டோஸ் அங்கதான் எழுதி வெச்சிருக்கும். அதையும் பெயர்த்துடுவோம்."

பழையதிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் தனி ஃபைலாக எடுத்து, பென் டிரைவில் வைத்து, புதியதில் சேர்த்தார். திறந்தார்.

இந்த முறை பெட்டி வரவில்லை. சாஃப்ட்வேரின் முகப்புப் படம் வந்தது. நீல நிறத்தில் ஊசியும் நூலும். தம்பி மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நூலம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

படம் மறைந்தது. இரண்டு வரி வந்தது. அனுமதிக் காலம் முடிந்துவிட்டது, நிறுவனத்தைத் தொடர்பு கொள்ளவும். அவ்வளவுதான். அதன்பின் எத்தனை முறை திறந்தாலும் அந்த இரண்டு வரிதான்.

"அட, பூட்டு போட்டு வெச்சிருக்கான்" என்றார் கம்ப்யூட்டர்காரர். "காலம் முடிஞ்சதை ஒரு தடவை பார்த்துட்டா அதையே குறிச்சு வெச்சுக்கும். அதுக்கப்புறம் திறக்கவே திறக்காது. ஆனா பழசுல மட்டும் எப்படி ஓடுது? அம்மா, உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கம்பெனி மூடிய வருடம், அனுமதி முடியும் நாள் நெருங்க நெருங்க நூலம்மா தூங்காமல் கிடந்தாள். அதற்குச் சற்று முன்புதான் கம்ப்யூட்டருக்குள் தேதியை நினைவில் வைத்திருக்கும் சின்ன பேட்டரி செத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஆன் செய்ததும் அது ஒரு பீப் போட்டு நிற்கும். F1 அழுத்தச் சொல்லும். அழுத்தினால் தேதி பழையபடி அது பிறந்த வருடத்து ஜனவரி ஒன்றுக்குப் போய்விடும். மாலையில் அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் மறுபடி ஜனவரி ஒன்று. முடிகிற நாள் அந்தக் கம்ப்யூட்டருக்கு வரவே இல்லை. வெளியே வருடங்கள் போயின. அவளுக்குக் கண்ணாடி மாற்றினார்கள், பல் விழுந்தது. அந்த அறைக்குள் மட்டும் தினமும் புது வருடம் பிறந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"இதுக்கா? இதுக்கு அந்தக் கம்பெனிக்காரரே நேர்ல வந்து நிரந்தரமா போட்டுக் குடுத்துட்டுப் போனார்" என்றாள். "இந்த மெஷினுக்கு மட்டும். தேதி, காலம் எதுவும் இதுக்குக் கிடையாது."

பொய் நாக்கில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது.

"அப்படின்னா ஒண்ணும் பண்றதுக்கில்லை மேடம்" என்று கம்ப்யூட்டர்காரர் கையை விரித்தார்.

தம்பி மனைவியின் முகம் கறுத்தது. அதைப் பார்த்த நூலம்மாவுக்கு அடக்க முடியவில்லை. அடக்கியிருந்தால் ஒருவேளை கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் இத்தனை வருடத்தில் வாயை அடக்கிப் பழகியவளா அவள்?

"என்னடியம்மா, முன்னறையில ராணி மாதிரி உட்காரலாம்னு பார்த்தியா? எத்தனை கம்ப்யூட்டர் வாங்கினாலும் உன் கைக்கு அந்த நூல் பிரிக்கிற கத்திதான். எடுத்துக்கிட்டுக் கதவோரமா உட்காரு, போ. அந்தக் கிழவனைத் துடைக்கணும்னா நீ போய்த் துடை. உனக்குத்தான் பொறுமை ஜாஸ்தி."

"அக்கா!" என்றான் தம்பி.

"என்ன அக்கா? நான் போனா உன் ஊசி இறங்குமாடா?"

அன்றுபோலவே இப்போதும் தம்பி மனைவி அழவில்லை. நூலம்மா தலையை நிமிர்த்திக்கொண்டு, வந்தவருக்கு டீ போடச் சமையலறைக்குப் போனாள். ஜெயித்த சந்தோஷத்தில் சர்க்கரையை அள்ளிப் போட்டாள். பால் பொங்கி வரும்போது ஒரு பாட்டை முணுமுணுத்தாள்.

அறையில் கம்ப்யூட்டர்காரருக்கு மனசு கேட்கவில்லை. வந்த வேலை நடக்கவில்லை, வீட்டிலும் சண்டை மூட்டிவிட்டோமே என்று சங்கடப்பட்டார். பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்தபோது கேட்ட அந்த பீப் நினைவுக்கு வந்தது. "பாவம், அந்த அம்மா தினமும் இந்த பீப்போட மல்லுக்கட்டுறாங்கபோல. பேட்டரி செத்திருக்கு. என் பையில ஒண்ணு இருக்கு, சும்மாவே போட்டுத் தர்றேன். தேதியையும் சரி பண்ணிடுறேன். இதுக்குத்தான் தேதியே கிடையாதாமே" என்றார். அணைத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பேட்டரியை மாற்றினார்.

நூலம்மா டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். அவள் அறையிலிருந்து விசிறி சுழலத் தொடங்கும் ஓசை கேட்டது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும் ஓசை. அதற்கு அடுத்து அந்த பீப் வர வேண்டும். எல்லா டம்ளரிலும் டீயை வடித்து முடிக்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

வரவில்லை.

வடிகட்டி கையிலிருந்து விழுந்தது. சூடான டீ காலில் தெறித்தது அவளுக்குத் தெரியவில்லை.

"தேதியைத் தொடாதீங்க! ஐயோ, தேதியை மாத்தாதீங்க!"

அலறிக்கொண்டு ஓடி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திரையின் மூலையில் இன்றைய தேதி. நடுவில், ஓடுகிறதா என்று பார்க்க அவர் திறந்துவைத்த சாஃப்ட்வேர். நீல நிறத்தில் ஊசியும் நூலும். பிறகு அந்த இரண்டு வரி.

நூலம்மா திரையைத் தடவினாள். இறந்த குழந்தையின் கன்னத்தைத் தாய் தடவுவாளே, அப்படி.

தம்பி மனைவிதான் முதலில் பேசினாள். குரலில் அவசரமே இல்லை. "தேதியை மாத்தினா என்ன ஆகும் அண்ணி?"

நூலம்மா வாயை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் அவள் அலறியது விழக் கூடாத காதில் ஏற்கெனவே விழுந்துவிட்டது. கம்ப்யூட்டர்காரரின் கண் பளிச்சென்று விரிந்தது. "ஜனவரி ஒண்ணு! காலையில நான் பார்த்தேனே, தேதி ஜனவரி ஒண்ணுல நின்னுது. இத்தனை வருஷமா இதுக்கு நாளே ஓடலை, அதனாலதான் பூட்டு விழலை! அம்மா, மன்னிச்சுடுங்க, நான் தெரியாம உங்க பொழைப்பைக் கெடுத்துட்டேன். அழாதீங்க. பூட்டு விழுறதுக்கு முன்னாடி எடுத்த காப்பி பென் டிரைவ்ல இருக்கு. திரும்பப் போட்டுடலாம்."

அவருக்குத் துரோகம் தெரியாது. உடைத்ததை ஒட்டித் தர வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான் அவரிடம் இருந்தது. நல்ல எண்ணத்தைப் போலக் கொடுமை செய்யக்கூடியது எது?

"முதல்ல புதுசுல போட்டுப் பாருங்க" என்றாள் தம்பி மனைவி.

"வேண்டாம்!" நூலம்மா தம்பியின் பக்கம் திரும்பினாள். "டேய், சொல்லுடா. உன்னை இடுப்புல தூக்கி வளர்த்தவ கேக்குறேன். புதுசு வேண்டாம்னு சொல்லுடா."

தம்பி சுவரோரம் அடுக்கியிருந்த நூல் கோன்களைப் பார்த்தான். நிறம் நிறமாக எண்ணுவதுபோலப் பார்த்தான். "புதுசுல போட்டா நல்லதுதானே அக்கா. எல்லாருக்கும் நல்லது."

கம்ப்யூட்டர்காரர் புதியதில் இணையத்தைத் துண்டித்தார். பூட்டு விழுந்த பதிவை அழித்தார். தேதியைப் பழைய ஜனவரி ஒன்றுக்குத் தள்ளினார். காலையில் எடுத்த காப்பியைச் சேர்த்தார். திறந்தார்.

ஊசியும் நூலும் மறைந்தன. பெட்டி வரவில்லை. இரண்டு வரி வரவில்லை. வெள்ளைத் திரை விரிந்து, ஓரத்தில் நூலம்மா இத்தனை வருடம் போட்ட டிசைன்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. பூ, முத்திரை, பெயர், கப்பல், சிங்கம்.

"பிழைச்சிடுச்சு!" என்று கம்ப்யூட்டர்காரர் கைதட்டினார். "ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் தேதி தானா ஜனவரி ஒண்ணுக்குப் போற மாதிரி வெச்சுட்டேன். இணையத்தை மட்டும் இதுல கொடுக்காதீங்க. இப்ப அம்மாவோடதையும் சரி பண்ணிடுறேன். ரெண்டு நிமிஷ வேலை."

"வேண்டாம்" என்றாள் தம்பி மனைவி.

அவர் கை நின்றது. "ரெண்டு நிமிஷம்தான் மேடம். காசுகூட வேண்டாம்."

"அதுக்கில்லை. அது இனிமே எதுக்கு? இந்த ரூம்ல ரெண்டாவது எம்பிராய்டரி மெஷின் வரப் போகுது. அந்தக் கம்ப்யூட்டரை நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. பார்ட்ஸுக்கு ஆகும்."

கம்ப்யூட்டர்காரர் நூலம்மாவைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில், நூலம்மாவின் துணிகளை அடைத்து ஜிப் போட்டுத் தயாராக வைத்திருந்த பையை அப்போதுதான் பார்த்தார். எல்லாம் புரிந்து அவர் முகம் வெளிறியது. "அம்மா, எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா எனக்கு..."

திமிர் எல்லாம் வடிந்துபோய், வாழ்க்கையில் முதல் முறையாக நூலம்மா தம்பி மனைவியின் கையைப் பிடித்தாள். "நான் பண்ணினது தப்புதான். இங்கேயே ஒரு மூலையில கிடக்கிறேன். உனக்குக் கூடமாட வேலை செய்யுறேன். அங்க அனுப்பாதே."

தம்பி மனைவி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். உதறவில்லை. ஒட்டியிருந்த நூலை எடுப்பதுபோல ஒவ்வொரு விரலாக எடுத்தாள். பின்பக்கப் பட்டறைக்குப் போய் ஒரு மூட்டை துண்டைக் கொண்டு வந்து, கதவோரம் தரையில் கொட்டினாள். அதன் மேல் நூல் பிரிக்கிற கத்தியை வைத்தாள்.

"பஸ் சாயங்காலம்தான் அண்ணி. அதுவரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தா உங்களுக்குப் பொழுது போகாது. இதெல்லாம் தப்பாப் போன தையல். ஒண்ணு விடாம பிரிச்சுட்டுத்தான் சாப்பாடு."

வருடக்கணக்காக மனப்பாடம் செய்து வைத்திருந்த பாடத்தை அவள் தடுமாறாமல் ஒப்பித்தாள்.

தம்பி ஒன்றும் கேட்காதவனைப்போல வெளியே போனான். பின்பக்கத்தில் மெஷின் ஓடத் தொடங்கியது. அக்கா போட்ட டிசைன்தான். அக்கா இல்லாமல் ஊசி இறங்கியது.

நூலம்மா தரையில் உட்கார்ந்தாள். கத்தியை எடுத்தாள். முதல் துண்டின் மூலையில் இருந்த பூவைத் திருப்பி, பின்பக்க முடிச்சைத் தேடினாள். அது அவளே போட்ட பூ. கண்ணீர் மறைத்ததால் முடிச்சு அகப்படவில்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

கம்ப்யூட்டர்காரர் பழைய கம்ப்யூட்டரை இரு கையாலும் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. பக்கவாட்டு மூடி திறந்தபடியே இருந்தது. அதிலிருந்து தொங்கிய ஒயர் அவள் தோளில் உரசியது. அவர் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"வழியில ஒயர் தட்டப் போகுது, பார்த்து எடுத்துட்டுப் போங்க" என்றாள் நூலம்மா, தலை நிமிராமல்.

அவர் படியிறங்கினார். தம்பி மனைவி வாசல் வரை போய், நல்லபடியாக வழியனுப்பிவிட்டுத் திரும்பி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.